நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு

எங்கள் துறையின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கவிதா வீட்டுக்கே வந்து கேட்டாள். என்னிடம் படித்தவள். இப்போது என் பழைய அறையில், என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உதவிப் பேராசிரியை. "உங்க சக்ஸஸ் ஸ்டோரிய எழுதுங்க மேடம், பசங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்றாள். ஓய்வு பெற்று மூன்றே மாதமான ஒருத்தியிடம் வெற்றிக் கதை கேட்டால் அவளுக்குக் கசக்குமா? காபி போட்டுக் கொடுத்து, "எழுதறேன். ஆனா எதை எழுதறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று சொல்லி வைத்தேன்.

போகிற போக்கில் இன்னொரு சேதி சொன்னாள். நாங்கள் அமிலத் தொட்டிகளை வைத்துக்கொண்டு சில்லு, அதாவது சிப், செய்த சின்ன அறை இப்போது கணினிக் கூடமாகிவிட்டதாம். மாணவர்கள் திரையில் வரைகிறார்கள், வரைபடம் மெயிலில் போகிறது, முடிந்த சில்லு கூரியரில் வருகிறது. நான் கண் கலங்குவேன் என்று பயந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த அறையில் துளி தெறித்துப் பொத்தலான புடவைகள் மட்டும் ஆறு. கூரியரில் வரும் சில்லு யார் புடவையையும் பொத்தல் போடாது.

ஆனால் அவள் கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. புராஜெக்ட் தேர்வில் ஒரு பையனிடம், "இந்த ரீடிங் சரின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். "சென்சாரே சொல்லிடுச்சே, அப்பறம் இன்னா மேடம் டவுட்டு?" என்றானாம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேராசிரியை ஆகிப் பல வருஷம் கழித்து, கல்வராயன் மலையில் ஒரு காலை நேரத்தில், நானும் ஏறக்குறைய அதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

சொந்த ஊர் மூங்கில்துறைப்பட்டு. அப்பா சர்க்கரை ஆலையில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தார். கரும்பு வண்டிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போனேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடினேன், கணக்கில் நூறு வாங்கினேன், சென்னையில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். என் முதல் இருபத்திரண்டு வருஷம் இந்த வரியிலேயே முடிந்துவிட்டது. அதில் சொல்லிக்கொள்ளும்படி வேறொன்றுமில்லை.

சொல்லிக்கொள்ளும்படியான காலம் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது ஆரம்பித்தது. அங்கே தலைவர் பரமேஸ்வரன் சார். மனித உடம்புக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கக்கூடிய, மிளகைவிடச் சின்ன சில்லுகளைச் செய்வதுதான் எங்கள் வேலை. செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், திரையில் வரைகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

சிலிக்கான் என்பது முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் வட்டத் தட்டு. முதல் வேலை அதைக் கழுவுவது. சூடான அமிலக் கலவையில் பத்து நிமிஷம், ஓடும் சுத்த நீரில் அலசல், இன்னொரு கலவை, மறுபடி அலசல், பிறகு நைட்ரஜனை ஊதி உலர்த்தல். அடுத்து உலையில் வைத்து மேலே ஒரு காப்புப் படலம் வளர்க்க வேண்டும். அதன்மேல் ஒளி பட்டால் தன்மை மாறும் பசையைச் சொட்டு விட்டு, தட்டைச் சுழற்றிச் சீராகப் பரப்ப வேண்டும். வேண்டிய வடிவத்துக்கு ஒளி காட்டி, வேண்டாத இடத்தைக் கரைத்தெடுத்த பிறகு, எண்பது டிகிரி சூட்டில் காஸ்டிக் பொட்டாஷ் தொட்டிக்குள் இறக்க வேண்டும். அது மணிக்கணக்காகச் சிலிக்கானை அரித்துக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜாஸ்தி அரித்தால் ஓட்டை, கம்மியானால் கனம். வேண்டியது தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் ஒரு ஜவ்வு. எடுத்து அலசி விளக்குக்கு எதிரே பிடிப்போம். சிலிக்கான் வழியாக வெளிச்சம் தெரியாது. ஆனால் அந்த அளவுக்கு மெலிந்துவிட்டால் விளக்கு அதன் வழியே கருஞ்சிவப்பாகத் தெரியும். முதல் தடவை அந்தச் சிவப்பைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பரமேஸ்வரன் சார் அழுததையும் பார்த்ததில்லை, சிரித்ததையும் பார்த்ததில்லை. தரை துடைக்கிறவர் முதல் துணைவேந்தர் வரை எல்லோரையும் ஒரே குரலில் 'வாங்க, போங்க' என்பார். அந்தக் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை, அதனாலேயே அவரைக் கண்டால் அவ்வளவு நடுக்கம். யாராவது தட்டை உடைத்துவிட்டால் திட்ட மாட்டார். துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, ஒரு மெல்லிய காகிதத்தின் மேல் பழையபடி வட்டமாக அடுக்கச் சொல்வார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு விளிம்பாகப் பார்ப்பார். முக்கால் மணி நேரம் ஆகும். உடைத்த ஆசாமி பக்கத்திலேயே நிற்க வேண்டும். கடைசியில், "இங்க ஆரம்பிச்சிருக்குங்க. இடுக்கி இந்த ஓரத்துல அழுந்தியிருக்கு, பாருங்க" என்று காட்டிவிட்டு எழுந்து போவார். ஒரு தடவை அப்படி நின்றவர்கள் மறு தடவை இடுக்கியைப் பூப்போலப் பிடிப்பார்கள்.

என் சில்லு முதன்முதலாக அழுத்தத்தைச் சரியாக அளந்த அன்று வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். நிதானமாகப் பார்த்தார். "நல்லா வந்திருக்குங்க ஸ்டெல்லா. இதை எப்படியெல்லாம் பொய் சொல்ல வைக்கலாம்னு ஒரு பட்டியல் போட்டுட்டு வாங்க" என்றார். பாராட்டு அவ்வளவுதான். சூடு, ஈரம், வெளிச்சம், அதிர்வு என்று பட்டியலில் பதினாலு வந்தது. பதினாலையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வைத்தார். எட்டு மாதம் போயிற்று. மனசுக்குள் அவரைத் திட்டாத நாளில்லை.

பட்டம் வாங்கிக்கொண்டு சொந்த மாவட்டத்துக்கே வந்து, கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். தியாகதுருகத்தில் வீடு எடுத்து, ஆசையாக 'டாக்டர் ஸ்டெல்லா' என்று போர்டு மாட்டினேன். ஒரே வாரத்தில் முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இன்னாத்துக்குமா போர்டு?" என்றார். அன்றைக்கே கழற்றிவிட்டேன். ஆனால் உடம்புக்கு உபயோகமாக ஒன்றையாவது செய்து முடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் அன்றைக்குத்தான் வந்தது.

எதைச் செய்வது என்பது ஒரு மருத்துவ முகாமில் தெரிந்தது. சளிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு அது நுரையீரலில் இறங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்க, எக்ஸ்ரே இல்லாத இடத்தில் நர்ஸ் செய்வது ஒன்றுதான். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிஷம் குழந்தையின் மூச்சை எண்ண வேண்டும். கைக்குழந்தைக்கு, அதாவது இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது ஆகும்வரை, ஐம்பதைத் தொட்டால் ஆபத்து. அதற்கு மேல் நாற்பது. அழுது திமிறுகிற குழந்தையை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள், இருபதுக்கு மேல் குழம்பிவிடும். இதை ஒரு சில்லு எண்ணிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

வெளியே விடும் மூச்சு சூடு, உள்ளே இழுக்கும் காற்று குளிர்ச்சி. மெல்லிய ஜவ்வின்மேல் ஒரு உலோக இழை ஓட்டினேன். மூச்சு பட்டால் இழை சூடாகும், பிறகு ஆறும். எத்தனை முறை சூடாகிறதோ அத்தனை மூச்சு. மூக்கு நுனியில் நிற்கிற மாதிரி ஒரு சின்னக் கவ்வி, அதிலிருந்து ஒயர், கையடக்கப் பெட்டி, பெட்டியில் எண். துறையில் எல்லோரும் அதற்கு 'ஸ்டெல்லா மூக்குத்தி' என்று பெயர் வைத்தார்கள். சக ஆசிரியர்களின் குழந்தைகளுக்கெல்லாம் ஏசி அறையில் உட்கார வைத்து மாட்டிப் பார்த்தேன். துல்லியமாக எண்ணியது. பட்டியல் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று கேட்க இப்போது ஆள் இல்லை. பேராசிரியை நான்தானே.

மலையில் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. எந்த மாதம் போகலாம் என்று கேட்டார்கள். மார்கழி என்றேன். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவுக்கு மூச்சின் சூடு தனித்துத் தெரியும், எண்ணிக்கை பிசகாது என்பது என் கணக்கு. இந்தக் கணக்கைப் போட்ட அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் வழியாகக் கல்லூரி ஜீப்பில் மலையேறி, கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நர்ஸ் செல்வராணி சிஸ்டர். எலவனாசூர்கோட்டைக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். மற்றவர்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில் பதினைந்து வருஷமாக இருப்பவர். என் மூக்குத்தியை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது மேடம்" என்றார். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு குழந்தைக்கும் படிவத்தில் ஒரு வரி. ஒரு கட்டத்தில் கருவியின் எண், பக்கத்துக் கட்டத்தில் சிஸ்டர் எண்ணியது, கடைசியில் அவர் கையெழுத்து. முதல் இரண்டு நாளும் வெயில் ஏறிய பிறகுதான் குழந்தைகள் வந்தார்கள். இரண்டு எண்ணும் ஒன்றோ இரண்டோ வித்தியாசத்தில் ஒத்துப்போயின. இரண்டாம் நாள் சாயங்காலமே மனசுக்குள் அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி. பனிமூட்டம் விலகவே இல்லை. அலமேலு என்று ஒரு பெண் எட்டு மாதப் பெண் குழந்தையோடு வந்தாள். ஒன்றரை மணி நேரம் நடந்து வந்திருக்கிறாள். குழந்தையை நெஞ்சோடு அணைத்து, முந்தானையால் தலையோடு முகத்தையும் சேர்த்துப் போர்த்தியிருந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல், பால் குடிக்கவில்லை என்றாள். போர்வையைக் கலைக்காமல் கையை உள்ளே விட்டுக் கவ்வியை மாட்டினேன். ஒரு நிமிஷம் கழித்துப் பெட்டி முப்பத்தாறு என்றது. ஐம்பதுக்கு ரொம்பக் கீழே.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்று நானே சொல்லிவிட்டேன். நான் சொல்லியிருக்கக் கூடாது.

செல்வராணி சிஸ்டர் முந்தானையை விலக்கி, குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினார். "அறுவத்தி மூணு" என்றார்.

"அது அசையுது சிஸ்டர். கண்ணால எண்ணினா தப்பும்" என்று சொல்லி, குளிருமே என்று மறுபடி போர்த்திவிட்டு இன்னொரு தடவை ஓட்டினேன். முப்பத்தைந்து. மூன்றாவது தடவை முப்பத்தேழு. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "பாருங்க, மூணு தடவையும் ஒரே மாதிரி வருது. மிஷினே சொல்லுது, அப்புறம் என்ன சந்தேகம்?"

"மிஷினு இன்னா வேணா சொல்லட்டும் மேடம். விலாவுக்குக் கீய குயி வியுந்து வியுந்து இழுக்குது, இதப் பாருங்க. நான் கீய பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் போறன்."

அடுத்து நான் சொன்னது இன்றைக்கும் நாக்கில் கசக்கிறது. "அப்ப படிவத்துல, கருவி சொன்னதுக்கு மாறா அனுப்பினதா எழுத வேண்டி வரும் சிஸ்டர்" என்றேன்.

"எழுதிக்குங்க" என்றார்.

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அலமேலு எழுந்துவிட்டாள். "நர்ஸம்மா, மிஷினு நல்லா கீதுன்னுதான சொல்லுது? மருந்து மட்டும் குடுங்க. சாமை அறுத்துப் போட்டது அப்பிடியே கெடக்குது. பெரியவன் வூட்டுல தனியா கீறான். நான் போறன்."

"நீ போவக் கூடாது. உக்காரு" என்றார் சிஸ்டர். அவள் உட்காரவில்லை. சிஸ்டர் என்னிடம் திரும்பினார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "மேடம், இனிமே நான் சொன்னா கேக்க மாட்டா. அந்தப் பொட்டியதான் நம்பறா. நீங்க ஒரு தபா எண்ணிப் பாருங்க. எண்ணிட்டு நீங்களே சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருஷமாக மூச்சு எண்ணுகிற கருவி செய்துகொண்டிருக்கிறேன். ஒரு குழந்தையின் மூச்சைக்கூட முழு நிமிஷம் நான் என் கண்ணால் எண்ணியதில்லை. எண்ணுவதெல்லாம் எப்போதும் கருவியின் வேலை, இல்லாவிட்டால் மாணவர்களின் வேலை.

பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, முந்தானையை விலக்கி, என் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். மேல்மேலாக, குட்டிக் குட்டி மூச்சு. ஒவ்வொன்றுக்கும் விலாவுக்குக் கீழே அந்தச் சின்னத் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. நாற்பதைத் தாண்டும்போது கடிகாரத்தில் இன்னும் இருபது விநாடி பாக்கி இருந்தது. அறுபத்திரண்டில் நிமிஷம் முடிந்தது.

"மிஷின் தப்பும்மா" என்றேன் அலமேலுவிடம். "நான்தான் அதைச் செஞ்சேன். அது சொன்னது தப்பு. நர்ஸம்மா சொல்றதுதான் சரி, வா போகலாம்."

ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்காக வேறு ஊருக்குப் போயிருந்தது, வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். கல்லூரி ஜீப்பை எடுக்கச் சொன்னேன். சிஸ்டர் முதல் வேளை மருந்தைப் புகட்டிவிட்டு, அலமேலுவின் பெரிய பையனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து ஊர்க்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, தானும் ஏறிக்கொண்டார். அலமேலு குழந்தையை மறுபடி முகத்தோடு போர்த்திக்கொள்ள, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். போகிற அவசரத்தில் குழந்தையின் மூக்கிலிருந்து கவ்வியைக் கழற்ற மறந்திருக்கிறேன். பெட்டி என் மடியில் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தாறு, முப்பத்தைந்து. அதைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

பாதி மலை இறங்கியதும் பனி போய் வெயில் வந்தது. மூடிய ஜீப்புக்குள் புழுங்கியது. அலமேலு குழந்தையின் முகத்திலிருந்து முந்தானையை எடுத்து விசிறினாள். பெட்டியில் எண் கிடுகிடுவென்று ஏறியது. நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, அறுபத்தொன்று. குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி, "சிஸ்டர், ஏறுது" என்றேன். சிஸ்டர் வயிற்றைப் பார்த்து எண்ணினார். "அதே அறுவத்தி ரெண்டுதான் மேடம். கொயந்த அப்பிடியேதான் கீது. உங்க பொட்டிதான் ஏறுது."

முந்தானையைப் பார்த்தேன். பெட்டியைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. போர்வைக்குள் காற்று மூச்சுக்குச் சமமாகச் சூடேறிவிடுகிறது. சூட்டுக்கும் குளிருக்கும் வித்தியாசம் இருந்தால்தான் என் இழைக்குத் தெரியும். சீக்கான குழந்தையின் மேலோட்டமான மூச்சு எதுவும் அதற்குத் தெரியவில்லை, நடுநடுவே வரும் ஆழமான மூச்சை மட்டும் எண்ணியிருக்கிறது. ஏசி அறையில் எந்தத் தாயும் குழந்தையை மூடவில்லை. குளிர் எனக்குச் சாதகம் என்று நான் மார்கழியைத் தேர்ந்தெடுத்தேன், அந்தக் குளிருக்குத்தான் தாய்மார்கள் மூடினார்கள். குளிரினால் சில்லு என்ன செய்யும் என்று கணக்குப் போட்ட எனக்கு, அம்மா என்ன செய்வாள் என்று தோன்றவே இல்லை.

கள்ளக்குறிச்சியில் குழந்தையைச் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு நாள் இழுபறி. மூன்றாம் நாள் காலை நான் போனபோது அலமேலு மடியில் அது பால் குடித்துக்கொண்டிருந்தது. வராந்தாவுக்கு வந்து கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்து அழுதேன். குழந்தையைப் பார்க்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்த செல்வராணி சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னாத்துக்கு மேடம் மூக்கையே பாத்துக்கினு கீறீங்க? நாங்க யாரும் மூக்கப் பாத்து எண்றதில்ல. வயித்தப் பாப்பம்" என்றார்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தக் குழந்தையைத்தான் எழுதினேன். என் சக ஆசிரியர் ஒருவர் படித்துவிட்டு, "ஒரே ஒரு ரீடிங்தானே மேடம், மத்ததோட சேராத அவுட்லையர்னு எடுத்துடலாமே" என்றார். "அது அவுட்லையர் இல்ல சார், அலமேலுவோட பொண்ணு" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கொஞ்ச நாள் பேசவில்லை. ஓய்வு பெற்றுவிட்ட பரமேஸ்வரன் சாருக்கு போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "பட்டியல்ல பதினஞ்சாவதா என்னங்க எழுதினீங்க?" என்றார். "முந்தானை சார்" என்றேன். மறுமுனையில் அவர் சிரித்த மாதிரி கேட்டது. லைன் சரியில்லாமலும் இருந்திருக்கலாம்.

மூக்குத்தியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வயிற்றைப் பார்ப்பது என்றால் எப்படி? ஆராய்ச்சிக் காலத்தில் செய்த பழைய அழுத்த ஜவ்வையே எடுத்து, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு மெத்தென்ற ஒரு ரப்பர் வில்லைக்குள் புதைத்தேன். குழந்தையின் விலாவுக்குக் கீழே வைத்து, அதன்மேல் அம்மா எப்போதும் போலத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு எழும்பித் துணியை முட்டும், நடுவில் இருக்கும் ஜவ்வு வளையும். துணி சுற்றாவிட்டால்தான் இது வேலை செய்யாது. என்னைக் கவிழ்த்த அதே போர்வையை இப்போது கருவியின் ஒரு பாகமாகவே ஆக்கிவிட்டேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொள்ளைப் பெருமை, மறைக்க மாட்டேன்.

ஆனால் பொய் சொல்லும் வழிகளின் பட்டியலை முதலிலேயே போட்டேன். பாதி சிஸ்டர் சொன்னது. பால் குடிக்கிற அசைவை எண்ணியது. விக்கலை எண்ணியது. அம்மா மடியை ஆட்டினால் அந்த ஆட்டத்தையும் எண்ணியது. ஒவ்வொன்றையும் பிடித்துப் பிரித்தெடுக்க இரண்டு வருஷம் ஆயிற்று. கடைசியில் மறுபடி மலையேறிப் போய், சிஸ்டரிடம் பெட்டியைக் கொடுத்து, "இந்தத் தடவை நீங்கதான் பரீட்சை வைக்கணும். நீங்க சரின்னு சொல்லாம இது எந்தக் குழந்தைக்கும் முடிவு சொல்லாது" என்றேன்.

அவர் வைத்த பரீட்சையைப் போல எந்தப் பல்கலைக்கழகமும் வைக்காது. நூறு குழந்தை பார்க்க வேண்டும் என்றார். முதலில் அவர் எண்ணுவார். எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிடுவார். அதற்கப்புறம்தான் நான் வில்லையை வைக்கலாம். அதுவும் காலைக் குளிரில், போர்த்தியபடி வரும் குழந்தைகளுக்குத்தான் முதலிடம். பெட்டி சொன்ன பிறகு சீட்டைப் பிரிப்பார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு சீட்டைப் பிரிக்கும்போதும் எனக்கு எஸ்எஸ்எல்சி ரிசல்ட் பார்க்கிற பயம். மழைக்காலமும் குளிர்காலமும் முழுக்கப் போயிற்று. எண்பது தாண்டியது, தொண்ணூறு தாண்டியது. ஒத்துப்போய்க்கொண்டே வந்தது, ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. சீட்டைக் கவரில் போட்டுவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவார்.

கடைசி நாள் தடுப்பூசி நாள். காலையிலிருந்து கூட்டம். நூறாவதாகப் பதினோரு மாத ஆண் குழந்தை ஒன்று, லேசான இருமல். சிஸ்டர் எண்ணி, மடித்து வைத்தார். நான் வில்லையை வைத்தேன். பெட்டி ஐம்பத்து மூன்று என்றது. அவர் சீட்டைப் பிரித்தார். நாற்பத்தாறு என்று இருந்தது.

ஐம்பதுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவர் கணக்குப்படி அது வெறும் இருமல், பெட்டியின் கணக்குப்படி சளி நுரையீரலில் இறங்கிவிட்டது, மருந்தில்லாமல் அனுப்பக் கூடாது. போன தடவை போல மிஷின்தான் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் இரண்டு வருஷ உழைப்பு இதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"கூட்டத்தக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க மேடம்" என்றார் சிஸ்டர். கதவைச் சாத்தினேன். குழந்தை தாய்ப்பால் குடித்து அமைதியாகும் வரை காத்திருந்தோம். பிறகு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஆளுக்கொரு கடிகாரத்தோடு வாய்க்குள் எண்ணினோம். நிமிஷம் முடிந்ததும், "உங்குளுது?" என்றார். "ஐம்பத்திரண்டு" என்றேன். "எனக்கு அம்பத்தி மூணு" என்றார்.

சீட்டை எடுத்து நாற்பத்தாறின்மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் ஐம்பத்து மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விலாவுக்குக் கீழே குழி விழவில்லை என்பதால், குழந்தைக்கு மருந்தைப் புகட்டி, இரண்டு நாள் கழித்துக் கட்டாயம் தூக்கி வர வேண்டும் என்று அந்தத் தாயிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பினார். பிறகு கதவைத் திறந்து கூட்டத்தை உள்ளே விட்டார்.

மத்தியானம் கூட்டம் கலைந்ததும் நான் ஒயரைச் சுருட்டி, பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு வந்த சிஸ்டர் வாசலிலேயே நின்றார்.

"இன்னா பண்றீங்க மேடம்?"

"பரீட்சை முடிஞ்சுதே சிஸ்டர். நாளைக்குக் காலேஜ் இருக்கு, எடுத்துக்கினு கிளம்பறேன்."

"நீங்க போறதுன்னா போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்து, பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தன் மேசைமேல், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "சார்ஜர மட்டும் மறக்காம வெச்சிட்டுப் போங்க."